நாளைக்குப் போய் வந்தவர்

எங்கள் வீட்டில் ஓர் அட்டைச் சட்டம் இருக்கிறது. தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுத்த மிட்டாய் டப்பாவின் மூடியை நடுவில் சதுரமாக வெட்டி, இரண்டு பக்கமும் கத்தியால் கீறல் போட்டுச் செய்தது. கீறலின் வழியே ஒரு காகிதப் பட்டையை நுழைத்து இழுத்தால் சதுரத்துக்குள் படம் மாறும். மூடியின் சிவப்பும் பொன்னிற ஓரமும் இன்னும் மங்கவில்லை. முகர்ந்தால் நெய் வாசனை வருவதுபோல எனக்குத் தோன்றும். இத்தனை வருடத்துக்குப் பிறகு எப்படி வரும் என்று உடனே சந்தேகமும் வரும். மறுபடி முகர்ந்து பார்ப்பேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அதுதான் டி.வி. முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பாள். போன வாரம் அப்படி வாசிக்கும்போது, "நாளைக்கு எங்க மிஸ் எனக்கு ஸ்டார் போட்டாங்க" என்றாள்.

அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்த நான் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் செய்கிற தப்புத்தான் அது. ஹிந்தியில் நேற்றுக்கும் கல், நாளைக்கும் கல். எந்தக் கல் என்பதைப் பின்னால் வரும் வினைச்சொல் சொல்லிவிடும். அந்த ஒரே சொல்லைத் தலைக்குள் வைத்துக்கொண்டு தமிழுக்கு வரும் பிள்ளைகளுக்கு, நேற்று, நாளை என்ற இரண்டில் எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அது வெளியே வந்துவிடும். இதை முளையிலேயே திருத்த வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்க வேண்டும், வீட்டில் நான் ஹிந்தி கலந்து பேசியதுதான் காரணம் என்று எனக்குள் வழக்கமான வரிசை ஓட ஆரம்பித்தது. ஆனால் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இதே தப்பை, கிட்டத்தட்ட இதே குரலில், அந்த அட்டையைச் செய்தவரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டிசைனர். நேரு பிளேஸில், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு கட்டடத்தில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருந்தது. நான் புரோகிராமர். அவர் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எந்தப் பொத்தானில் என்ன எழுத வேண்டும், பயன்படுத்துகிறவர் எங்கே தடுமாறுவார் என்று பார்த்து வரைகிறவர். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். மோதி பாக்கில் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம். நான் தமிழ் என்று தெரிந்த முதல் நாளே, "அச்சா, அப்போ நான் உங்களை அக்கான்னு கூப்பிடலாம்ல?" என்று கேட்டார். அவருடைய தமிழ் பேசத் தெரிந்த தமிழ்தான், வாசிக்கத் தெரியாத தமிழ். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தமிழில் எழுதியிருக்கும் அப்பளப் பாக்கெட்டை எடுத்து விலை எங்கே போட்டிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்பாராம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

அந்த வருடங்களில்தான் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் முறை மாறியது. முன்பெல்லாம் மாடியில் இருக்கும் டிசைன் பிரிவு எல்லாத் திரைகளையும் வரைந்து முடித்துக் கீழே அனுப்பும். நாங்கள் மாதக்கணக்கில் புரோகிராம் எழுதி, கடைசியில் வாடிக்கையாளரிடம் காட்டுவோம். அவர் கேட்டது இது இல்லை என்பது அப்போதுதான் தெரியும். புது முறைக்கு அஜைல் என்று பெயர். இரண்டு வாரம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சின்னதாக ஏதாவது ஒன்றை ஓட்டிக் காட்டிவிட வேண்டும். தினமும் காலையில் குழு முழுவதும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால்தான் நிற்பது. டிசைனர்களும் குழுவோடு உட்கார வேண்டும் என்றார்கள். அப்படித்தான் அவருடைய நாற்காலி மாடியிலிருந்து இறங்கி, பிரிண்டருக்கும் என் மேசைக்கும் நடுவில் வந்தது.

நாற்காலி வந்ததே தவிர, அவருடைய வேலைக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. சுற்று தொடங்கிய அன்றே அவர் யோசிக்க ஆரம்பிப்பார். அன்றே நாங்களும் எழுத ஆரம்பிப்போம். அவர் நான்கு பேரிடம் கேட்டு, வரைந்து, அழித்து, ஒரு முடிவுக்கு வரும்போது நாங்கள் பாதி முடித்திருப்போம். அப்புறம் மாற்ற வேண்டும். மாற்றினால் தாமதம், மாற்றாவிட்டால் அவர் வரைந்தது வீண். இதில் எனக்கு என்ன கவலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை. மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கிரீச்சில் விட்டிருந்தேன். ஆறரைக்கு மேல் அங்கே குழந்தைகள் இருக்கக் கூடாது. நேரு பிளேஸிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். டிசைனர் நாற்காலியைத் திருப்பி, "அக்கா, ஒரு சின்ன மாத்தம்" என்றாலே என் கண் கடிகாரத்துக்குப் போகும். அவரை எனக்குப் பிடிக்கும். அவருடைய 'சின்ன மாத்தம்' பிடிக்காது.

பிடித்ததற்குக் காரணம் அவர் கேட்கிற விதம். நான் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பேன். குழந்தையின் தடுப்பூசி அட்டை எப்போதும் என் கைப்பையிலேயே இருக்கும். மதியச் சாப்பாட்டின்போது அதை எடுத்துத் தேதி பார்ப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். என் கணவர் இதைக் கேலி செய்வார், மாமியார் பெருமூச்சு விடுவார். டிசைனர் ஒரு நாள் சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, "அக்கா, ரெண்டாவது தடவை எடுக்கறப்போ என்ன பாக்கறீங்க?" என்று கேட்டார். அதை யாரும் என்னிடம் ஒரு கேள்வியாகக் கேட்டதில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன்: "முதல் தடவை தேதியைப் பாக்கறேன். ரெண்டாவது தடவை, முதல் தடவை சரியாப் பாத்தேனான்னு பாக்கறேன்." அவர் சிரிக்கவில்லை. "அப்போ முதல் தடவை பாத்ததுக்கு ஒரு அடையாளம் இருந்தா, ரெண்டாவது தடவை வேணாம் இல்லியா?" என்றார். அடுத்த வாரம் அவர் வரைந்த திரையில், தொலைபேசியில் அழைத்து முடித்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குறியும் அழைத்த நேரமும் வந்து நின்றன. என் சுபாவத்திலிருந்து ஒரு பச்சைக் குறி எடுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையே தடுப்பூசி பற்றியதுதான். நகரத்தில் பல இடங்களில் சின்னச் சின்னக் குழந்தை கிளினிக்குகள் வைத்திருந்த ஒருவருக்காக அது. ஊசி போட வேண்டிய குழந்தைகளின் பட்டியல் திரையில் வரும். கிளினிக்கில் இருப்பவர் நேற்று வரத் தவறிய குழந்தையின் வீட்டைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். நாளைக்கு வர வேண்டியவர்களைக் கூப்பிட்டு நினைவுபடுத்த வேண்டும். திரை ஹிந்தியில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் நேற்று, இன்று, நாளை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த மூன்று பொத்தான்களை ஹிந்தியாக்கும் வேலை என்னிடம் வந்தது. அகராதியைப் பார்த்து எழுதினேன்: கல், ஆஜ், கல். எழுதிவிட்டுப் பார்த்தால் மேலேயும் கீழேயும் ஒரே சொல். எனக்கு உறுத்தியது. ஆனால் காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் கற்ற ஹிந்தி என்னுடையது. எங்கள் புரோகிராமைப் பரிசோதனை செய்கிற மீரட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "தோனோ சஹி ஹைன், மேடம். ஹிந்தி ஐஸி ஹீ ஹை" என்றார். இரண்டும் சரிதான், ஹிந்தி அப்படித்தான். அவருடைய மொழி, அவருக்குத் தெரியும். நான் சந்தேகத்தை மடித்து வைத்தேன்.

அந்தச் சுற்று டிசைனருக்கு முக்கியமான சுற்று. எங்கள் டீம் லீட் பஞ்சாபிக்காரர், நியாயமான மனிதர், ஆனால் தாமதத்தைப் பொறுக்கமாட்டார். முந்தைய இரண்டு சுற்றுகளும் கடைசி நாளில் முடியாமல் போனதற்கு நடுவில் வந்த டிசைன் மாற்றங்களே காரணம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்திருந்தது. சுற்று தொடங்கும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் லீட் சொல்லிவிட்டார். இனி தொடங்கிய பிறகு ஒரு கோடுகூட மாறக் கூடாது, இந்தத் தடவையும் நடுவில் மாற்றம் வந்தால் டிசைனரின் நாற்காலி மாடிக்கே திரும்பும், படங்கள் பழையபடி மெயிலில் வந்தால் போதும். டிசைனர் தலையாட்டினார். அன்றைக்கு முழுவதும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே ஒரு மாதிரியாகவும் இருந்தது.

சுற்றின் நடுவில் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "நாளைக்கு நான் கிளினிக் போனேன் அக்கா. வஹா ஒரு சிஸ்டர் இருந்தாங்க, நம்ம ஊர். ரொம்ப மஜா அவங்களோட." அடுத்த சுற்றுக்கான திரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள, தன் நேரத்தில் தானாகப் போயிருக்கிறார். நான் சிரித்துவிட்டு, "நாளைக்குப் போனீங்களா? நேத்துன்னு சொல்லுங்க" என்றேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அம்மாவும் இதுக்குத்தான் திட்டுவாங்க. என் மண்டைக்குள்ள ரெண்டும் ஒண்ணுதான் அக்கா, கல்." அந்தச் சொல்லைக் கேட்டதும் மடித்து வைத்திருந்தது தானாக விரிந்தது. என் மூன்று பொத்தான்களைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து என் திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அலமாரி மேலிருந்த காலி மிட்டாய் டப்பாவை எடுத்து, கத்தி எங்கே என்று கேட்டார்.

மறுநாள் மாலை சீக்கிரம் கிளம்பினோம். அவர் தேர்ந்தெடுத்த கிளினிக் என் கிரீச்சுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அது தற்செயலா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் வைத்தபடியே போனேன். டிசைனர் சொன்ன சிஸ்டர் நாகர்கோவில்காரர். மூன்று பொத்தான்களையும் வரைந்த பட்டையோடு அட்டைச் சட்டத்தை மேசைமேல் வைத்ததும் குனிந்து பார்த்தார். டிசைனர் எதையும் விளக்கவில்லை. "சிஸ்டர், நாளைக்கு வர வேண்டிய பிள்ளைங்க யாருன்னு பாக்கணும். எதை அமுக்குவீங்க?" என்று மட்டும் கேட்டார். கேட்பதற்கு முன் 'நாளைக்கு' சரிதானா என்று என்னைப் பார்த்துக்கொண்டார். சிஸ்டரின் விரல் மேல் கல்லுக்குப் போனது, நின்றது, கீழ்க் கல்லுக்கு வந்தது, நின்றது.

"இதுல எது போன கல்லு, எது வார கல்லு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு கல்லக் கொண்டு போட்டிருக்கீயளே, நான் எதுல போய் முட்ட?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்து, கை நீட்டிப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டது. கிளினிக்கில் இருந்த பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினோம். எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். சிஸ்டர் என்னைப் போல, ஹிந்தி பிறகு கற்றவர். ஹிந்திக்காரர்களுக்குக் குழப்பமே வராமல் இருக்கலாம். அதைச் சொன்னேன். டிசைனர் உடனே ஒப்புக்கொண்டு, வரவேற்பு மேசையில் இருந்த உள்ளூர்ப் பெண்ணிடம் அதே கேள்வியை ஹிந்தியில் கேட்டார். அவர் ஒரு கணம்கூடத் தயங்காமல் மேல் கல்லை அமுக்கினார். அது நேற்றைய பட்டியல். ஏன் அதை அமுக்கினீர்கள் என்று கேட்டதற்குத் தன் மேசையைக் காட்டினார். நோயாளி அட்டைகளை அவர் அடுக்கும் விதம் அப்படி. அடியில் பழையவை, மேலே இனி வரப்போகிறவை. சிஸ்டருக்காவது சந்தேகம் வந்தது, நின்றார். இவருக்குச் சந்தேகமே வரவில்லை. வரத் தவறிய குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று நிதானமாகச் சொல்லியிருப்பார். உண்மையாகவே நாளைக்கு வர வேண்டிய குழந்தையின் வீட்டுக்கு யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். என் கைப்பையில் இருந்த தடுப்பூசி அட்டையை அந்த இடத்திலேயே எடுத்துப் பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே வந்து சந்து முனையில் நின்றோம். இப்போது இதைச் சொன்னால் சுற்றின் நடுவில் ஒரு மாற்றம். அவருடைய நாற்காலி போய்விடும். நான் ஒரு வழி சொன்னேன்: "என் மொழிபெயர்ப்புல பக்னு போட்டுடலாம். பக்கை நடுவுல சரி பண்ணலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." புரோகிராமில் பிழை என்று பெயர் வைத்தால் அது விதிக்குள் வந்துவிடும். டிசைன் மாற்றம் என்றால்தான் குற்றம். அவர் குழந்தையின் கையிலிருந்து பட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லக்கா. பக்னு போட்டா சரியாயிடும். ஆனா அடுத்த தடவை கிளினிக் போகணும்னு யாருக்கும் தோணாது." அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். அவர் சொன்னது சரி என்று பட்டது. நான் சொன்னதே நல்லது என்றும் பட்டது. வீடு வந்து சேரும்வரை இரண்டும் மாறி மாறிப் பட்டுக்கொண்டிருந்தன.

காலையில் வட்டமாக நின்றோம். அவர் முறை வந்தபோது நேராகச் சொல்லிவிட்டார்: ஒரு மாற்றம் வேண்டும், காரணம் இது. லீட் முகம் இறுகியது. மாற்றம் கூடாது என்று பேசியாயிற்றே என்றார். கல் தெரியாத ஆள் தில்லியில் உண்டா என்றும் கேட்டார். டிசைனர் வாதாடவில்லை. சட்டத்தை அவர் கையில் கொடுத்து, நாளை வர வேண்டியவர்களைக் காட்டுங்கள் என்றார். லீட் கீழ்க் கல்லைத் தொட்டார். சரியான பொத்தான். நாற்காலி போயிற்று என்று நினைத்தேன். டிசைனர் மட்டும், சந்தோஷமாகவே, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். இது என்ன கேள்வி, பழையது மேலே, புதியது கீழே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார் லீட். கிளினிக்கில் ஒருவர் இதே நிச்சயத்தோடு இதற்கு நேர்மாறாக அமுக்கினார் என்று டிசைனர் சொல்லி, மேசைமேல் அடுக்கியிருந்த அட்டைகளைப் பற்றியும் சொன்னார். லீட் சட்டத்தைத் திருப்பித் தரவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய பட்டையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தனக்குத்தானே பேசுவதுபோல, இதில் வினைச்சொல்லே இல்லையே என்றார்.

அதுதான் விடையாகவும் இருந்தது. டிசைனர் வரைந்து வைத்திருந்த புதுப் பட்டையில் கல் என்ற சொல்லே இல்லை. மேலே 'வரவில்லை', நடுவில் 'இன்று', கீழே 'வரப்போகிறார்கள்' என்று ஹிந்தியில் எழுதியிருந்தது. பேச்சில் எது கல்லைக் காப்பாற்றுகிறதோ அதையே பொத்தானில் ஏற்றிவிட்டார். லீட் என் பக்கம் திரும்பி எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எந்தக் கேள்விக்கும் அரை நாள் கூட்டிச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு, "மதியத்துக்குள்ள முடிச்சிடலாம் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு, பிரிண்டர் பக்கத்து நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தப்பு தாமதத்தில் இல்லை, இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கே இவரிடம் கேட்டதுதான் தப்பு என்றார். இனி இவர் எங்களுக்கு ஒரு சுற்று முன்னால் நடக்கட்டும், நாங்கள் இந்தச் சுற்றை எழுதும்போது இவர் அடுத்த சுற்றுக்காகக் கிளினிக் போய் வரட்டும், நாற்காலி இங்கேயே இருக்கட்டும். முடிவாக ஹிந்தியில், இவரிடம் ஆஜ் கேட்காதீர்கள், கல் கேளுங்கள் என்றார்.

பின்னாலிருந்து மீரட்காரர், "கௌன்ஸா கல், சார்?" என்றார். எந்தக் கல்? லீட்டும் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் அப்படி வேலை செய்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு சுற்று முன்னால் போனவர் சில சமயம் நாங்கள் தொடவே தொடாத திரைகளோடு திரும்பி வருவார். நாங்கள் எழுதுவதில் கேள்வி எழும்போது அவர் ஏதாவது ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார். ஆனால் காலை வட்டத்தில் அவர் முறைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். நாங்கள் எல்லோரும் நேற்றையும் இன்றையும் சொல்வோம். அவர் ஒருவர்தான் நாங்கள் இன்னும் போகாத இடத்திலிருந்து செய்தி கொண்டு வருவார். எந்த மூலையில் சிஸ்டர்களின் விரல் நிற்கிறது, எந்தச் சொல்லை இரண்டு தடவை படிக்கிறார்கள் என்றெல்லாம். எங்களுக்குள் அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. பையை வைத்ததும், "நாளைக்குப் போனேன் அக்கா" என்பார், இப்போது வேண்டுமென்றே. "என்ன பாத்தீங்க?" என்று கேட்பேன். யோசித்தால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பிறகு அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும் அன்று மேசையைக் காலி செய்தபோது அட்டைச் சட்டத்தைக் குப்பைக்கூடையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு வேறு இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். இருவருமே கெட்டிக்காரர்கள். நான் இன்னமும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள்தான். ஆனால் டிக்கெட் கவுன்டரிலோ, வங்கியிலோ, யாராவது ஒரு பொத்தானுக்கு முன்னால் விரலை நீட்டிவிட்டுத் தயங்கினால், வரிசை நகரவில்லையே என்று இப்போது எரிச்சல் வருவதில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

போன வாரம் கரண்டியோடு நின்றவளுக்கு இத்தனையும் நினைவுக்கு வந்தது. மகள் சட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், என் முகத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை. நேற்று என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுப்பேன், நிச்சயம் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்படியா? நாளைக்கு மிஸ் வேற என்ன பண்ணினாங்க?"

அவள் யோசித்தாள். விரல்கள் பட்டையின் ஓரத்தில், பழுப்பேறிய பிளாஸ்திரியின் மேல் இருந்தன.

"இரும்மா," என்றாள், "இன்னும் இழுக்கலை."